மாமாவின் ஏத்தக் கட்டையும் நான் போர்டில் போடாத அம்புக்குறியும்

இது நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படிக்கவும்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளியின் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவன் மனைவியும் என் பதிவுகளைப் படிப்பவள். படத்தில் அவனுடைய காரும் அதன் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அவனுடைய இரண்டு கால்களும் மட்டும்தான் தெரிந்தன. கார் ஜாக்கியில் நின்றது. ஜாக்கிக்குத் துணையாக ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஹாலோ பிளாக் கல். "இனிமே ஆயில் மாத்த மெக்கானிக் தேவையில்லை சார், நானே ராஜா நானே மந்திரி" என்று கீழே எழுதியிருந்தான். அதற்கு நாற்பது பேர் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள்.

நான் போட்டது கட்டைவிரல் அல்ல, போன். "முதல்ல வெளிய வா, அப்புறம் பேசலாம்" என்றேன். "சார், நான் எப்பவோ வெளிய வந்துட்டேன், அது காலையில எடுத்த படம்" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்பது என் உறவுக்காரர்களில் வயதானவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கூடவே, எட்டாம் வகுப்பில் நான் பாதியில் விட்ட ஒரு பாடத்தையும் முடித்துவிடலாம் என்று எண்ணம்.

காரைத் தூக்கி அதன் அடியில் போவது என்பது கார் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிற தலைவலி. சரித்திரத்தில் முதன்முதலாகக் காரில் நெடுந்தூரம் போனவர் ஒரு பெண்மணி, பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்ட் மாதம், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைமுக்கு மூன்று சக்கர வண்டியில் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்துபோனது. செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். மேடு வந்தபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். உலகத்தின் முதல் மெக்கானிக் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன். ஆனால் பாருங்கள், இத்தனை பழுதையும் அவர் நின்றபடியோ குனிந்தபடியோ பார்த்திருக்க முடியும். அந்த வண்டிக்கு உயரமான சக்கரம், எல்லாம் திறந்தவெளி. அடியில் படுக்க வேண்டிய வேலையே இல்லை.

1908இல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். வாங்கியவர்களில் பெரும் பகுதி விவசாயிகள். பக்கத்தில் ஒர்க் ஷாப் கிடையாது, ஏர் கலப்பையைச் சரிசெய்கிற அதே கையால் காரையும் சரிசெய்தார்கள். மேடு பள்ளமான மண் பாதைக்காக அந்தக் காரைத் தரையிலிருந்து நன்றாகத் தூக்கியே கட்டியிருந்தார்கள். ஒல்லியான ஆள் அப்படியே அடியில் நுழைந்துவிடலாம். அந்த வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ரோல் டாங்க் சீட்டுக்கு அடியில். பம்பு கிடையாது, பெட்ரோல் தானாக வழிந்துதான் எஞ்சினுக்குப் போகவேண்டும். டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், எஞ்சின் மேலே போய்விடும், டாங்க் கீழே தங்கிவிடும், பெட்ரோல் வராது. அதனால் ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கமாக மலை ஏறினார்கள்! சாய்தளம் என்றால் எவ்வளவு வில்லங்கம் பாருங்கள்.

வண்டிகள் பெருகப் பெருக அடியில் வேலையும் பெருகியது. அந்தக் காலத்துக் கார்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கவேண்டும். ஸ்டியரிங் மூட்டு, கிங் பின், ஸ்பிரிங் பட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிப்பிள். இந்தச் சின்ன உருண்டைத் தலை நிப்பிளுக்கு இன்றும் அமெரிக்காவில் ஜெர்க் என்றுதான் பெயர், ஆஸ்கர் ஜெர்க் என்பவர் உருவாக்கியதால். அதற்காக மெக்கானிக்குகள் குழி வெட்டினார்கள். குழியின் இரண்டு ஓரத்திலும் சக்கரம் நிற்க, ஆள் கீழே இறங்கி அண்ணாந்து பார்த்து வேலை செய்வார். குழிக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாது, குழியில் இறங்கித் தங்கிவிடும். ஒரு பொறி போதும்.

1925இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர் வேறு வழி கண்டுபிடித்தார். முடி திருத்தும் கடையில் நாற்காலியை மிதித்து மிதித்து உயர்த்துவார்கள் அல்லவா, அதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தில் ஒரு தூண் காரை அப்படியே மேலே தூக்கும். ஆள் நின்றபடி வேலை செய்யலாம். இன்று நீங்கள் கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் பார்க்கிற லிஃப்ட்டுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அதுதான்.

ஆனால் லிஃப்ட் கடைக்காரருக்கு. வீட்டில் வைத்து வேலை பார்க்கிறவன் என்ன செய்வான்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஊருக்கு வெளியே வரிசை வரிசையாக வீடுகள் கட்டினார்கள், காருக்குத் தனி இடம், அதற்கு முன்னால் சிமெண்டுத் தளம். அதே சமயத்தில் கார்களின் உயரம் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தது. தாழ்ந்தால்தான் அழகு என்றாகிவிட்டது. தாத்தா நுழைந்த இடத்தில் பேரனால் நுழைய முடியவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கையில் தூக்கிப் போகிற சாய்தளம். ராம்ப் என்கிறார்கள். முதலில் மரப் பலகைகளைப் படிப்படியாக அடுக்கி ஆணியடித்து வீட்டிலேயே செய்துகொண்டார்கள். பிறகு இரும்புத் தகடும் ஆங்கிளும் வைத்தது கடைக்கு வந்தது. இப்போது கெட்டி பிளாஸ்டிக். ஒரு ஜோடியை ஒரு கையில் தூக்கிவிடலாம், ஆறு அங்குலத்துக்கு மேல் காரை உயர்த்தும்.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1975இல் அமெரிக்கா ஒரு உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் கடையில்தான் சர்வீஸ் செய்யவேண்டும், நீயே ஆயில் மாற்றினால் வாரண்டி கிடையாது என்று கம்பெனி மிரட்ட முடியாது. வீட்டில் ஆயில் மாற்றுகிறவனுக்கு அது பெரிய பலம். இன்னொரு பக்கம் பத்து நிமிடத்தில் ஆயில் மாற்றிக் கொடுக்கும் கடைகள் அங்கே தெருவுக்குத் தெரு முளைத்தன. அவர்களில் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? லிஃப்ட்டை விட்டுவிட்டுப் பழையபடி குழிக்கே போய்விட்டார்கள். கார் ஓட்டி வரும், குழிமேல் நிற்கும், கீழே இருப்பவர் ஆயிலை இறக்குவார், கார் போய்விடும். தூக்கி இறக்குகிற நேரம் மிச்சம்.

நம் ஊருக்கு வருகிறேன்.

1957இல் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசடர் பிறந்தது. பம்பாயில் ஃபியட். நம் சென்னையில் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம், அடியில் போகவேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். நல்ல புத்திசாலி செய்த வண்டி.

ஆனால் நான் கண்டது அம்பாசடர். அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சின்ன மாமா, குளித்தலைப் பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் டிரைவராக இருந்தார். வண்டி அவர்களுடையது, ஆனால் ஊரில் எல்லோரும் "ஒங்க மாமா காரு" என்றுதான் சொல்வார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா அதற்குக் கிரீஸ் அடிப்பார். லாரிக்காரர்கள் ஏற்றிக் கழுவும் வாட்டர் சர்வீஸ் மேடை, அதுதான் இரண்டு சிமெண்டுத் தண்டவாளம் மாதிரி சாய்வாக ஏறிப்போய் நடுவில் வெற்றாக இருக்குமே அது, கரூரில் இருந்தது. அங்கே போனால் பெட்ரோல் செலவு, காத்திருப்பு. அதனால் மாமா சொந்தமாக ஒன்று செய்துகொண்டார்.

ரயில்வேயில் ஏலம் விட்ட பழைய சிலிப்பர் கட்டை. மூன்று துண்டாக நீளம் குறைத்து அறுத்து, படி மாதிரி அடுக்கி, நீள போல்ட்டு போட்டு முறுக்கி, முன்பக்கத்தை வாய்ச்சியால் செதுக்கிச் சாய்வாக்கியிருந்தார். மேலே சக்கரம் உட்கார ஒரு சின்னப் பள்ளம். கடைசியில் சக்கரம் தாண்டிப் போகாமல் ஒரு குறுக்குக் கட்டை. இப்படி இரண்டு. ஒன்றைத் தூக்க எனக்கும் என் அண்ணனுக்கும் நாலு கையும் வேண்டும். அதற்கு ஏத்தக் கட்டை என்று பெயர். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே!

மாமா கட்டையைப் போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். இரண்டையும் சக்கரத்துக்கு நேராக வைப்பார். கயிறு பிடித்து இரண்டும் ஒரே வரிசையா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு கட்டைக்கும் முன்னால் ஒரு இரும்பு முளையைத் தரையில் சம்மட்டியால் அடித்து இறக்குவார். அப்புறம்தான் வண்டியை எடுப்பார். நான் எதிரே நின்று கை காட்டவேண்டும். "வா வா வா... நில்லு." அந்த "நில்லு"வைச் சொல்வதற்காகவே நான் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன். ஏறி நின்றதும் ஹேண்ட் பிரேக், கியர், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். வண்டியை ஒருமுறை தோளால் இடித்து ஆட்டிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சாக்கை விரித்துப் படுப்பார்.

முளை எதற்கு மாமா என்று ஒருமுறை கேட்டேன். "கட்டை ஓடிப் போயிரும்டா" என்றார். கட்டை எப்படி ஓடும், அதற்கென்ன காலா இருக்கிறது என்று நானும் அண்ணனும் நாள் முழுக்கச் சிரித்தோம்.

1975 ஐப்பசி. எனக்குப் பதினாலு வயது. விடிந்தால் மிராசுதார் வீட்டில் கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போகவேண்டும், சைலன்சர் கழன்று தட்டுகிறது. ஏத்தக் கட்டையை யாரோ நெல் மூட்டை அடுக்க எடுத்துப் போயிருந்தார்கள். மாமா ஜாக்கி போட்டார். மழை பெய்த மண், ஜாக்கி இறங்காமலிருக்க அடியில் ஒரு செங்கல். ஐந்து நிமிட வேலைதானே என்று உள்ளே போனார். செங்கல் இரண்டாகப் பிளந்தது.

நான் அப்போது அங்கே இல்லை. அண்ணன் இருந்தான். அந்தச் சத்தத்தைப் பற்றி அவன் கடைசிவரை பேசியதே இல்லை. தெருவே ஓடிவந்து வண்டியைத் தூக்கியது. மாமா பிழைத்துக்கொண்டார். தோள்பட்டை எலும்பும் நாலு விலா எலும்பும் போய்விட்டன. வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் அந்தக் கையோடு யார் வேலை கொடுப்பார்கள்? பிறகு ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினார், இடது கையால். சட்டை போடும்போது அத்தை வந்து கையை நுழைத்துவிட வேண்டும். 2009இல் போனார். அதுவரை எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அடியைத்தான் பார்ப்பார்.

அந்த ஏத்தக் கட்டைகளில் ஒன்று எனக்கு வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்து 1984இல் வேலையில் சேர்ந்தபோது அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டேன். எளிய இயந்திரங்கள் பாடம் நினைவிருக்கிறதா? நெம்புகோல், கப்பி, சக்கரமும் அச்சும், ஆப்பு, திருகு, சாய்தளம். தண்ணீர் நிரப்பிய டின்னைக் கையால் தூக்கச் சொல்வேன், பிறகு கட்டைமேல் உருட்டி ஏற்றச் சொல்வேன். "எது சுலபம்?" என்று கேட்டால் "உருட்டுறதுதான் சார்!" என்று வகுப்பே கத்தும்.

அந்தப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அலெக்சாந்திரியாவில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோன் எழுதிய பழைய பட்டியலில் எளிய இயந்திரங்கள் ஐந்துதான். சாய்தளம் அதில் இல்லை! பிரமிடு கட்டிய காலத்திலிருந்து மனிதன் பயன்படுத்துகிறான், ஆனால் அதை ஒரு இயந்திரம் என்று யாரும் நினைக்கவில்லை. ஏனென்றால் அது அசைவதில்லை, சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கிற ஒன்று வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் சைமன் ஸ்டெவின், இன்றைய பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்தில் பிறந்தவர். 1586இல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு படம் உண்டு. ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் உள்ள முக்கோணக் கட்டைமேல் பதினாலு குண்டுகள் கோத்த மாலை. நீளப் பக்கத்தில் நிறையக் குண்டு, குட்டைப் பக்கத்தில் கொஞ்சம். அப்படியானால் மாலை தானாக ஓடவேண்டுமே? ஓடினால் ஒவ்வொரு குண்டு நகரும்போதும் அதன் இடத்தில் இன்னொன்று வரும், என்றென்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அது நடக்காத காரியம். ஆகவே மாலை அசையாது, ஆகவே நீளச் சாய்வில் உள்ள நாலு குண்டைக் குட்டைச் சாய்வில் உள்ள இரண்டு குண்டு பிடித்து நிறுத்துகிறது. ஒரு சோதனைகூடச் செய்யாமல் யோசித்தே கண்டுபிடித்துவிட்டார். இதைப் படித்தபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் உங்களுக்கு வகுப்பில் கோலிக்குண்டு வைத்துக் காட்டியிருப்பேன்.

நான் போர்டில் போட்டது இதுதான். ஒரு முக்கோணம். பாரத்தைக் காட்ட நேராகக் கீழே ஒரு அம்புக்குறி. தள்ளும் விசைக்குச் சாய்வோடு மேலே ஒரு அம்புக்குறி. "விசை குறையும், தூரம் கூடும்" என்று அடிக்கோடு. பரீட்சைக்கு அது போதும்.

ஒரு காருக்குக் கணக்குப் போடுவோம். முன் சக்கரம் இரண்டிலும் சேர்த்து 600 கிலோ பாரம். சாய்தளத்தின் உயரம் 16 சென்டிமீட்டர், சாய்வின் நீளம் 60 சென்டிமீட்டர். 600ஐ 16ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் 160. அதாவது 600 கிலோவை நேராகத் தூக்குவதற்குப் பதில், 160 கிலோ பாரத்துக்கு ஈடான விசையில் தள்ளினால் ஏறிவிடும். அவ்வளவையும் எஞ்சின் பார்த்துக்கொள்ளும். மதிப்பெண் பத்துக்குப் பத்து.

1990களின் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் என் மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மெக்கானிக் ஆகிச் சொந்தமாகப் பட்டறை வைத்திருந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. நம் ஏத்தக் கட்டையை நினைவில் வைத்து ஆங்கிள் இரும்பில் அதேபோல ஒரு ஜோடி அடித்திருக்கிறான். பட்டறைக்குப் புதிதாக வழுவழுவென்று தளம் போட்டிருந்தான், ஆயிலும் சிந்தியிருந்தது. ஒரு அம்பாசடரை ஏற்றப் பார்த்திருக்கிறான். சக்கரம் பட்டதும் ராம்ப் இரண்டும் முன்னால் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. கார் ஏறவேயில்லை, துரத்திக்கொண்டு போனது. சுவரில் போய் முட்டி நின்றது. எதிரே நின்று கை காட்டிய பையன் ஒதுங்கிவிட்டதால் தப்பித்தான். இவனுக்கு ஸ்டியரிங்கில் நெற்றி.

கோபமாக வரவில்லை. சந்தேகம் கேட்க வந்தான், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சார், கட்டை ஏன் சார் ஓடுச்சு? நீங்க அதைச் சொல்லவே இல்லையே" என்றான்.

கட்டை ஓடிப் போயிரும்டா. இருபத்தைந்து வருடம் கழித்து மாமாவின் வார்த்தை என் காதில் விழுந்தது.

நான் போடாத மூன்றாவது அம்புக்குறி அதுதான். கார் கட்டையைக் கீழே மட்டும் அழுத்துவதில்லை. சாய்வான பரப்பை அழுத்தும்போது கட்டையை முன்னாலும் தள்ளுகிறது. அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் எஞ்சின் சக்தி பின் சக்கரத்தில். பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் சும்மா உருண்டு ஏறுகிறது. அதே கணக்கில், கட்டை இரண்டையும் சேர்த்து முன்னால் தள்ளுகிற விசை சுமார் 165 கிலோ பாரத்துக்கு ஈடு. அதைப் பிடித்து நிறுத்துவது தரையின் உராய்வு ஒன்றுதான். சொரசொரப்பான சிமெண்டு பிடித்துக்கொள்ளும். ஆயில் சிந்திய வழவழப்புத் தரை பிடிக்காது. மண்ணில் மாமாவின் இரும்பு முளை பிடித்துக்கொண்டது. ஆறாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த அம்புக்குறி தெரிந்திருந்தது. சான்றிதழ் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும்வரை மூன்று அம்புக்குறி போட்டுத்தான் அந்தப் பாடத்தை நடத்தினேன். அதற்கு முன்னால் என்னிடம் படித்தவர்களுக்கு இன்றுதான் போடுகிறேன், நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள கார்களில் பாதிக்கு மேல் கதை வேறு. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது முதல் முன் சக்கரமே இழுக்கிற வண்டிகள் நம் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஏறுகிற சக்கரமே சுழலும்போது அது கட்டையைப் பின்னால் உதைக்கும், பாரம் முன்னால் தள்ளும், மெதுவாகப் போனால் இரண்டும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மிதித்தால் கட்டை பின்னால் தெறித்துக் காருக்கு அடியில் போய்விடும். அதனால் மூச்சுப் பிடித்த மாதிரி மெல்ல ஏற்றவேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் ராம்ப் வாங்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கலாமா சார் என்று அந்த ஹாலோ பிளாக் ராஜா கேட்டான். வாங்கலாம். ஆனால் எடை எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கவேண்டும், அது காரின் எடைக்கு ஒத்துவரவேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் ஜாக்கி, ஸ்டாண்டு, ராம்ப் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பாதுகாப்புத் தரம் வகுத்திருக்கிறது, அதைக் குறிப்பிட்டிருந்தால் நல்லது. முத்திரை இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். 2020இல் அதே அமெரிக்காவில், கார் இறங்கிவிடுகிறது என்று லட்சக்கணக்கான ஜாக் ஸ்டாண்டுகளை விற்ற கம்பெனியே திரும்பப் பெற்றது. மாமா தோளால் இடித்துப் பார்த்தாரே, அந்தச் சோதனைக்கு எந்த முத்திரையும் ஈடாகாது. படுப்பதற்கு முன்னால் இடித்துப் பாருங்கள். விழுகிறதென்றால் அப்போதே விழட்டும்.

ராம்ப்பால் ஆகாத வேலையும் உண்டு. சக்கரம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, எனவே சக்கரத்தைக் கழற்ற முடியாது. பிரேக் வேலைக்கும் டயர் மாற்றவும் ஜாக்கிதான். ஸ்டெப்னி மாற்ற மட்டும் ஜாக்கி போதும், ஏனென்றால் உங்கள் உடம்பு வெளியே இருக்கிறது. தலையோ கையோ உள்ளே போகவேண்டும் என்றால் ஸ்டாண்டு இல்லாமல் கூடாது. ஹாலோ பிளாக் எப்போதும் கூடாது. பெயரிலேயே சொல்லியிருக்கிறான், உள்ளே வெற்று என்று. சுவர் கட்டும்போது பாரம் பரவலாக வரும், தாங்கும். ஒரு சின்ன இரும்பு முனையில் கார் உட்கார்ந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். மரம் முனகும், இரும்பு வளையும், கல்லும் செங்கலும் சொல்லாமல் போய்விடும்.

இன்னொன்று. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். முன்பக்கத்தை ஏற்றும்போது பின் சக்கரம் தரையில் இருப்பதால் சரி. பின்பக்கத்தை ஏற்றினால் பிரேக் பிடித்த சக்கரங்கள் மேலே போய்விடுகின்றன, தரையில் இருக்கும் முன் சக்கரங்களைப் பிடிக்க கியரும் கட்டையும்தான். அடைகல் வைக்காமல் நகராதீர்கள். தனியாக இருக்கும்போது இந்த வேலையே வேண்டாம். "நில்லு" சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் காருக்கு நேர் எதிரே நிற்கக்கூடாது, பக்கவாட்டில் நிற்கவேண்டும். என்னை மாமா நேர் எதிரேதான் நிறுத்தினார். அதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

என்னிடம் இருந்த ஏத்தக் கட்டை இப்போது எங்கள் வீட்டுப் பின்கட்டில் துளசித் தொட்டிக்குப் பீடமாக இருக்கிறது. மற்றொன்று எங்கே போனது என்று தெரியவில்லை. அத்தை வீட்டுப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். மிச்சமிருப்பதை நேற்று டேப் வைத்து அளந்தேன். உயரம் ஆறேகால் அங்குலம், சாய்வின் நீளம் இரண்டடிக்கு ஒரு அங்குலம் குறைவு. இன்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் ராம்ப்புக்கும் மாமா வாய்ச்சியால் செதுக்கியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ராஜாவுக்கு அளவை அனுப்பியிருக்கிறேன். இன்று காலையில் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினான். புது ராம்ப், அடியில் ரப்பர் பாய், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அடைகல், பக்கவாட்டில் அவனுடைய பத்து வயது மகள் கையை உயர்த்தி "நில்லு" சொல்லிக்கொண்டு. நன்றாக இருந்தது. ஆனால் படத்தின் ஓரத்தில், சுவரோரமாக, அந்த இரண்டு ஹாலோ பிளாக்கும் இன்னும் கிடந்தன. அதை எடுத்துத் தெருமுனையில் வீடு கட்டுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்வரை போன் வரவில்லை.